இருபதுக்கு மூன்று

அழிரப்பர் தேடி மகளின் பள்ளிப் பைக்குள் கைவிட்டவருக்கு இருபதுக்கு மூன்று கிடைத்தது.

அது ஒரு கோடு போட்ட தாள். நான்காக மடித்து, சலூன் வைத்திருக்கும் கரடியைப் பற்றிய ஆங்கிலக் கதைப் புத்தகத்துக்குள் செருகியிருந்தது. டிக்டேஷன் எழுதிய தாள். இருபது வார்த்தைகளில் பதினேழின் மேல் சிவப்புக் கோடு. ஒவ்வொன்றின் பக்கத்திலும் சரியான ஸ்பெல்லிங், சிவப்பில், சின்னச் சின்ன எழுத்தாக. அடியில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் மார்க்.

அவர் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்ப்பவர். அச்சுக்குப் போகும் பக்கங்களைப் படித்துப் பிழை திருத்துவது அவருடைய பதினெட்டு வருஷ உத்தியோகம். அங்கே அவருக்குக் காற்புள்ளி என்று பெயர் வைத்திருந்தார்கள். யார் எதைப் பேசினாலும் பாதியில் நிறுத்தி, சொன்னவரை ஒரு திருத்தம் திருத்திவிட்டுத்தான் மீதியைச் சொல்ல விடுவார். அதற்குள் பெரும்பாலானவர்களுக்கு மீதியைச் சொல்லும் ஆசை போயிருக்கும்.

அப்படிப்பட்டவர் வீட்டில் இருபதுக்குப் பதினேழு பிழை. சமையல்காரர் வீட்டுப் பிள்ளை பட்டினி கிடப்பதைப் போல இருந்தது அவருக்கு. தாளை வெளிச்சத்தில் பிடித்து, தொழில்முறைப்படி ஆராய்ந்தார். எழுத்து வலதுபக்கமாகச் சாய்ந்திருந்தது. போன வருஷம் பார்த்தபோது மகளின் எழுத்து நேராக நின்றதாக ஞாபகம். சரி, கையெழுத்தும் கெட்டுவிட்டது என்று மனசுக்குள் குறித்துக்கொண்டார். பெயர் எழுதவில்லை, அதுவும் ஒரு குறை. மேல் மூலையில் 14 என்று இருந்தது. மூலையில் எண் இருந்தால் அது பக்க எண் என்பது அச்சகத்தில் கைக்குழந்தைக்கும் தெரியும்.

"இது என்ன குட்டி?"

மகளுக்கு ஒன்பது வயது. தாளைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"அப்பா, அது யாருக்கும் தெரியக்கூடாதுப்பா. அது வந்து..."

"வந்து, போயின்னு சாக்கு சொல்லாத." காற்புள்ளி விழுந்துவிட்டது. "யாருக்கும் தெரியக்கூடாது, அவ்வளவுதானே? அம்மாகிட்டகூடச் சொல்லமாட்டேன். ஆனா இத நான் சரி பண்ணியே தீருவேன்."

"இல்லப்பா, நான் என்ன சொல்றேன்னா..."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

கொஞ்ச நேரம் கழித்து, "யார்கிட்டயும் சொல்லமாட்டீங்கல்ல?" என்று மட்டும் கேட்டாள். அவர் சத்தியம் செய்து கொடுத்தார். பிள்ளைக்கு வெட்கம், பாவம் என்று நினைத்துக்கொண்டார். அந்த நினைப்பு அவருக்கு ஒரு மாதம் போதுமானதாக இருந்தது.

பிறகு கரடிப் புத்தகத்தைப் புரட்டினார். பக்கத்துக்குப் பக்கம் பென்சில் கிறுக்கல். 'நைஃப்' என்ற வார்த்தையில் முதலில் நிற்கும் 'கே' என்ற எழுத்துக்குத் தலையணை போட்டு, கழுத்துவரை போர்வை போர்த்திவிட்டிருந்தது. பக்கத்தில் 'கொர்ர்' என்று குறட்டை. 'கேஸில்' என்ற வார்த்தையின் நடுவில் இருக்கும் 'டி' திரைச்சீலைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. 'ஐலண்ட்' என்பதில் 'எஸ்' சத்தம் போடாமல் தண்ணீருக்கடியில் நீந்திக்கொண்டிருந்தது. புத்தகத்தில் பேனா படுவதையே பொறுக்காத மனிதர் அவர். அச்சான தாளில் கிறுக்கும் உரிமை புரூஃப் பார்ப்பவருக்கு மட்டுமே உண்டு, அதுவும் அச்சாவதற்கு முன்னால்.

அன்று மாலைக்குள் மகளின் இருபத்து மூன்று கதைப் புத்தகங்களும் பீரோவின் மேல்தட்டுக்குப் போய்விட்டன. மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காலியான அலமாரியைப் பார்த்துக் கேட்டாள். செய்து கொடுத்த சத்தியம் இருக்கிறதே. பூச்சி அரிக்கிறது, மருந்து அடித்து மேலே வைத்திருக்கிறேன் என்றார். இத்தனை நாள் இல்லாத பூச்சி எப்படி வந்தது என்று அவள் கேட்டதற்கு, பூச்சி சொல்லிவிட்டா வரும் என்று திருப்பிக் கேட்டார். அவளுக்குக் காலில் வீக்கம், தூக்கம் வேறு. விட்டுவிட்டாள்.

ஒன்றை இங்கே சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் மாலை நேரத்தில் ஒரு சத்தம் கேட்கும். மகள் அடுத்த அறையில் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம் படிப்பாள். 'க்ளுக்' என்று ஆரம்பித்து, அடக்க அடக்கப் பெருகி, விக்கலில் போய் முடியும் ஒரு சிரிப்பு. சுவர் தாண்டிக் கேட்கும். இந்தப் பக்கம் புரூஃப் பார்த்துக்கொண்டிருப்பவர், "சத்தம் போடாம படி" என்பார். அன்றிலிருந்து அப்படிச் சொல்ல வேண்டிய அவசியம் அவருக்கு வரவில்லை.

முதல் வைத்தியம் மறுநாள் காலையில் தொடங்கியது. பிழையான பதினேழு வார்த்தைகளையும் அவரே டிக்டேஷன் போட்டார். பதினேழும் சரியாக வந்தன. அவர் ஏமாறவில்லை. சிவப்பு மையில் விடை எழுதியிருக்கிறதே, பார்த்து மனப்பாடம் பண்ணியிருப்பாள். மனப்பாடம் படிப்பாகுமா? வேறு வார்த்தைகள் வேண்டும். அந்த வாரம் அச்சகத்தில் ஒரு மருத்துவப் புத்தகம் அவர் மேஜையில் இருந்தது. அதிலிருந்து நிமோனியா, டயரியா, ரூமாட்டிசம், சோரியாசிஸ் என்று இருபது வியாதிகளை எடுத்துப் போட்டார்.

மகளுக்கு இருபதும் தப்பு.

"பாத்தியா? அடிப்படையே இல்ல," என்றார் அவர், நோயைச் சரியாகக் கண்டுபிடித்த டாக்டரின் திருப்தியோடு.

"அப்பா, டயரியான்னா என்னப்பா?"

"அர்த்தம் அப்புறம். மொதல்ல எழுத்து."

ஒவ்வொரு வியாதியும் இருபது முறை எழுதப்பட்டது. நான்காம் நாள் மகளுக்கு உண்மையிலேயே வயிற்றுவலி வந்து பள்ளிக்கு லீவு போட வேண்டியதாயிற்று. லீவு லெட்டரில் காரணத்தை அவளையே எழுதச் சொன்னார். ஒரு எழுத்துப் பிழை இருந்தது. திருத்தி, திரும்ப எழுதவைத்தார்.

அச்சகத்தில் கம்ப்யூட்டரில் பக்கம் கோர்க்கும் பெண்ணிடம், யாரோ ஒருவருடைய பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல இதைச் சொன்னார். அவளுக்கு இரண்டு பிள்ளைகள், இரண்டும் நன்றாகப் படிக்கிறவை. அவள் சொன்னது சுருக்கமாக இதுதான்: ஸ்பெல்லிங்கைத் தனியாக எடுத்து ஊட்டினால் எந்தப் பிள்ளையும் துப்பிவிடும். கதைப் புத்தகத்தோடு சேர்த்துக் கொடுத்தால் தானாக இறங்கும், விளையாட்டாகச் செய்யணும், சார். அவள் இன்னும் ஏதோ சொல்ல வந்தாள். அவர் 'புத்தகம்', 'விளையாட்டு' என்ற இரண்டு வார்த்தைகளோடு எழுந்து போய்விட்டார்.

விளையாட்டு என்று அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. பிழை கண்டுபிடிப்பது. உலகத்தில் அதைவிடச் சந்தோஷமான காரியம் இருக்க முடியும் என்று அவர் நினைத்ததில்லை.

ஆனால் கடையில் விற்கும் கதைப் புத்தகங்களில் போதிய பிழைகள் இல்லை. அதனால் மகளின் நூலக அட்டையை வைத்துக் குழந்தைகள் பகுதியிலிருந்து ஐந்து புத்தகங்கள் எடுத்துவந்தார். ஒயிட்னரால் சில எழுத்துகளை மறைத்து, மெல்லிய நிப்பால் அதே அச்செழுத்தைப் போலவே தப்பான எழுத்தை வரைந்தார். தடிமன், வளைவு, அடிக்கோட்டு மட்டம், எதிலும் மயிரிழை பிசகவில்லை. பதினெட்டு வருஷம் எழுத்தைப் பார்த்துப் பார்த்துத் தேய்ந்த கண்ணுக்கு இது ஒரு வேலையே இல்லை. ஒரு புத்தகத்துக்குப் பத்துப் பிழை. யானையிலிருந்து ராஜா வரை யாரும் தப்பவில்லை.

மகள் முதல் நாள் கண்டுபிடித்தாள். இரண்டாம் நாளும். பத்துக்குப் பத்து. அவர் அசந்துபோனார், தன்னுடைய முறையை நினைத்து. திருப்பிக் கொடுக்கும் முன் பழையபடி சரிசெய்துவிடலாம் என்றுதான் எண்ணியிருந்தார். அந்த வாரம் அச்சகத்தில் வேலை நெருக்கியது. கெடு நாள் வந்ததும் புத்தகங்களை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த முறை எடுக்கும்போது சரிசெய்யலாம் என்று வந்துவிட்டார்.

அடுத்த முறை மகளோடு போனபோது நூலகர் அம்மாள் ஐந்து புத்தகங்களையும் மேஜையில் அடுக்கிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரோ ஒரு பிள்ளை பள்ளியில் 'எலிஃபண்ட்' என்பதைத் தப்பாக எழுதியிருக்கிறது. டீச்சர் அடித்ததும், புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது என்று கொண்டுபோய்க் காட்டியிருக்கிறது. டீச்சருக்கே ஒரு நிமிஷம் சந்தேகம் வந்துவிட்டதாம். நூலகர் விரலில் எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்திருக்கிறார். வெள்ளை உதிர்ந்தது. ரெஜிஸ்டரைப் பார்த்தால் ஐந்தையும் சேர்த்து எடுத்திருப்பது ஒரே அட்டைதான்.

"இது உன் அட்டைதானே, பாப்பா?" என்று மகளைக் கேட்டார்.

மகள் ஆமாம் என்று தலையாட்டினாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. புத்தகங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். பேசுவதற்கு அவருக்குச் சுவரிலிருந்த கடிகாரம் பத்துப் பன்னிரண்டு முறை துடிக்கும் அளவு நேரம் பிடித்தது. அந்த நேரத்தைப் பிற்பாடு அவர் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் நீண்டுகொண்டே போனது.

"நான்தாம்மா," என்றார் கடைசியில். "கொழந்தை படிக்கணும்னு."

நூலகர் கண்ணாடியைக் கழற்றினார். "முப்பது வருஷமா இங்க இருக்கேன். புத்தகத்தக் கிழிச்சவங்களப் பாத்திருக்கேன், திருடினவங்களப் பாத்திருக்கேன். சரியா இருந்தத ஒக்காந்து தப்பாக்கின ஆள இப்பத்தான் பாக்கறேன்."

அட்டை பறிமுதல். ஆறு மாதத்துக்கு மகளுக்குப் புத்தகம் கிடையாது. குற்றவாளி நான்கு ஞாயிற்றுக்கிழமை மதியங்கள் நூலகத்தில் உட்கார்ந்து ஐம்பது பிழைகளையும் திருத்தித் தர வேண்டும். வெளியே வந்ததும் மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பரவாயில்லப்பா என்று அவள் சொன்னது, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவருக்குத் தோன்றும்படி இருந்தது.

அப்போதாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் நூலகம் மூடிவிட்டது என்றால் மகளுக்குப் புத்தகம் யார் கொடுப்பது? தானே எழுதுவது என்று முடிவு செய்தார். மனைவியிடம் நூலகத்தில் வெள்ளையடிக்கிறார்கள் என்று சொல்லிவைத்தார். ஒருவகையில் அது பொய்யில்லை.

'ஒழுங்கான எறும்பு' என்பது அவர் எழுதிய ஆங்கிலக் கதையின் பெயர். பதினாறு பக்கம். எறும்பு காலையில் எழுகிறது, பல் தேய்க்கிறது, வரிசையில் போகிறது, வரிசையில் வருகிறது. நடுவில் வழி தவறிய இன்னொரு எறும்பைச் சந்தித்து, அதைத் திருத்துகிறது. அச்சகத்தில் வீணான தாளில் ஒரே ஒரு பிரதி எடுத்து, பைண்டிங் செய்து, அட்டைக்கு லேமினேஷன்கூடப் போட்டார். கதையில் இருபத்தைந்து பிழைகளை நட்டிருந்தார்.

மகள் முப்பது கண்டுபிடித்தாள்.

அவர் சிரித்தார். அதிகமாகச் சொன்ன ஐந்தையும் அகராதியில் தேடினார். சிரிப்பு நின்றது. ஐந்தும் பிழைகள்தான். அவர் அறியாமல் செய்த, சொந்தப் பிழைகள். மூக்கு உடைந்தாலும் மனசு குளிர்ந்தது. மூன்று வாரத்தில் இவ்வளவு முன்னேற்றமா? பயிற்சி அப்படி.

"கதை எப்படி இருந்துச்சு?" என்று கேட்டார்.

"எந்தக் கதைப்பா?"

"எறும்புக் கதை."

"கதையப் பாக்கலப்பா. தப்புதான் பாத்தேன்."

அவர் அதையும் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அவரும் பதினெட்டு வருஷமாக அப்படித்தான். ஆயிரக்கணக்கான புத்தகங்கள் அவர் கண்ணைக் கடந்து போயிருக்கின்றன. ஒன்றில்கூட என்ன நடந்தது என்று அவரால் சொல்ல முடியாது.

அதன் பிறகு சில விஷயங்கள் நடந்தன. மகள் தெருவில் கடைப் பலகைகளின் முன்னால் நின்றுவிட ஆரம்பித்தாள். பிஸ்கட் பாக்கெட்டை உடைக்குமுன் நான்கு பக்கமும் படித்தாள். பள்ளிப் பாடப் புத்தகத்தைக் கொண்டுவந்து, "அப்பா, இது சரியா, இல்ல நீங்க மாத்தினதா?" என்று கேட்டாள். இல்லை, இதை நான் தொடவில்லை என்றார். அவள் விரலில் எச்சில் தொட்டு எழுத்தின்மேல் தேய்த்துப் பார்த்தாள்.

அவளோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சிநேகிதி ஒருத்தி உண்டு. எப்போதும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பேசுவதற்கு முன்னால் ஒரு தும்மல் போடுவதால் வீட்டில் அவளுக்குத் தும்மல் என்றே பெயர். முன்பெல்லாம் மாலையில் வந்துவிடுவாள். இரண்டு பேரும் கரடிப் புத்தகத்தை நடுவில் போட்டுக் கவிழ்ந்து கிடப்பார்கள். புத்தகங்கள் மேலே போனபின் தும்மல் ஒருநாள் வந்து, "கரடி இல்லையா, அங்கிள்?" என்று கேட்டாள். இங்கே படிப்பு நடக்கிறது, விளையாட அப்புறம் வா என்று அனுப்பிவிட்டார். மகள் வாசல்வரை போய் அவள் காதில் ஏதோ சொன்னாள். 'சாப்பாட்டு மணிக்கு' என்பது மட்டும் அவருக்குக் கேட்டது. ஏதோ விளையாட்டுத் திட்டம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மாதாந்திர டிக்டேஷன் வந்தது. தாளை மகள் நீட்டவில்லை; மேஜையில் வைத்துவிட்டு அறைக்குப் போய்விட்டாள். அவர் எடுத்துப் பார்த்தார்.

இருபதுக்குப் பதினொன்று.

மூன்றிலிருந்து பதினொன்று. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. கையெழுத்துகூட நேராகியிருந்தது, சாய்வே இல்லை. மூலையில் 27 என்று இருந்தது. போன மாதம் பதினாலாம் பக்கம், இந்த மாதம் இருபத்தேழா, பாடமும் வேகமாகத்தான் போகிறது என்று எண்ணிக்கொண்டே மகளைக் கூப்பிடப் போனார். அவள் தலையணையில் முகத்தைப் புதைத்து அழுதுகொண்டிருந்தாள்.

"பதினொண்ணு வாங்கினதுக்கு யாராச்சும் அழுவாங்களா குட்டி?"

அவள் திரும்பவில்லை. "எல்லா வார்த்தையும் தப்பு மாதிரியே தெரியுதுப்பா."

அவர் தாளை மறுபடி பார்த்தார். இந்த முறை மார்க்கைப் பார்க்கவில்லை. தப்பான ஒன்பது வார்த்தைகளுக்கும் முன்னால் ஒரு அடித்தல் இருந்தது. அடித்தலுக்கு அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பது அவர் பிழைப்பு. ஒன்று விடாமல் படித்தார். ஒன்பதையும் அவள் முதலில் சரியாக எழுதியிருந்தாள். பிறகு சந்தேகப்பட்டு, அடித்துவிட்டு, தப்பாக எழுதியிருந்தாள்.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அப்புறம் எழுந்து, ஸ்டூல் போட்டு ஏறி, பீரோவின் மேலிருந்து இருபத்து மூன்று புத்தகங்களையும் இறக்கித் தூசி தட்டினார். கரடிப் புத்தகத்தை மகளின் கையில் கொடுத்தார்.

"படி. நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்."

அவள் வாங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனாள். அவர் புரூஃபை விரித்து வைத்துக்கொண்டு சுவருக்கு இந்தப் பக்கம் காத்திருந்தார். கரடி கத்தரிக்கோலைத் தொலைத்துவிட்டுத் தேடும் இடம் மூன்றாம் பக்கத்தில் வரும். அதில்தான் எப்போதும் 'க்ளுக்' கேட்டிருக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பதுகூட இத்தனை நாள் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை, தூசி தட்டும்போதுதான் நின்று படித்தார். படித்துச் சிரித்தும் விட்டார். பதினெட்டு வருஷத்தில் முதல் தடவை.

சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றும் கேட்கவில்லை. போய் எட்டிப் பார்த்தார். மகள் நேராக உட்கார்ந்து, ஒவ்வொரு வார்த்தையின் அடியிலும் விரலை நகர்த்திக்கொண்டிருந்தாள். முகத்தில் சிரிப்பே இல்லை. உதடு இறுகியிருந்தது. அந்த முகத்தை அவர் தினமும் சவரம் செய்யும்போது கண்ணாடியில் பார்க்கிறார். பிள்ளைக்குத் தன் மூக்கு வந்திருக்கிறது என்று சொந்தக்காரர்கள் சொன்னபோது பெருமையாக இருந்தது. இப்போது கண்ணும் வந்துவிட்டது. அதை அவரே கஷ்டப்பட்டு வரவழைத்திருந்தார். வாழ்க்கையில் எதற்கும் இவ்வளவு வருத்தப்பட்டதில்லை.

மறுநாள் டைரியில் டீச்சரின் குறிப்பு வந்தது. பெற்றோர் வந்து பார்க்கவும். மனைவிக்கு ஷிஃப்ட், அவரே கிளம்பினார். எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிடுவது என்று முடிவு. இருந்தாலும் மனுஷ மனசு இல்லையா, சட்டைப்பையில் பழைய தாளையும் எடுத்து வைத்துக்கொண்டார். பிள்ளையைக் கஷ்டப்படுத்தினது உண்மைதான். ஆனால் மூன்று பதினொன்றானதும் உண்மைதானே.

பள்ளி விட்டிருந்தது. வகுப்பில் டீச்சர் மட்டும் இருந்தார். அலமாரிப் பக்கம் தும்மல் நின்று நோட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். மகள் வெளியே மரத்தடியில் பையோடு காத்திருப்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

"பதினொண்ணுன்னு பாத்ததும் என்னால நம்பவே முடியல, சார்," என்று ஆரம்பித்தார் டீச்சர். "ரெண்டு தடவ கூட்டிப் பாத்தேன். வீட்டுல என்ன நடந்துச்சுன்னு தெரிஞ்சுக்கத்தான்..."

"நான்தாங்க காரணம்," என்று காற்புள்ளி போட்டார் அவர். பிறகு வியாதிகளில் தொடங்கி எறும்பு வரைக்கும் கொட்டித் தீர்த்துவிட்டார். நூலகத்தில் பேசாமல் நின்ற நேரத்தையும் மறைக்கவில்லை. டீச்சரின் முகம் போகப் போக ஒரு மாதிரி ஆனது. நடுவில் இரண்டு முறை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வழி கிடைக்கவில்லை.

"மார்க் ஏறிடுச்சு, ஆனா பிள்ளைக்குப் படிக்கற சந்தோஷம் போயிடுச்சுங்க," என்று முடித்தார் அவர். "அத எப்படித் திரும்பக் கொண்டுவர்றதுன்னு எனக்குத் தெரியல. நீங்கதான் வழி சொல்லணும்."

டீச்சர் அவரையே பார்த்தார். "மார்க் ஏறிடுச்சா?"

"ஏறலயா பின்ன?"

டீச்சர், பேச்சை எங்கே தொடங்குவது என்று தெரியாமல் அலமாரிப் பக்கம் கையைக் காட்டினார். "இதோ, இவளுக்குத்தான் ஏறியிருக்கு. இந்த மாசம் பத்தொம்பது. கிளாஸ்லயே இவதான் மொதல். முன்னாடி எப்படி இருந்தான்னு உங்களுக்குத் தெரியாது."

அவருக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தார். எவ்வளவு தெளிவான முகம். எழுத்தைத் தேய்த்துப் பார்க்கும் முகம் இல்லை அது.

"யார்கிட்டம்மா டியூஷன் போற?" என்று கேட்டார். "சொன்னா நானும் எம் பொண்ண அங்கயே சேத்துடுவேன். பாவம், அவ எங்க இருந்தான்னு பாரு." சட்டைப்பையிலிருந்து நான்காக மடித்த தாளை எடுத்து, டீச்சரின் மேஜையில் விரித்து, இரண்டு கையாலும் நீவிவிட்டார்.

டீச்சர் குனிந்து பார்த்தார். முதலில் மூலையில் இருந்த எண்ணை. பிறகு சிவப்பு எழுத்துகளை, வெகுநேரம். நிமிர்ந்து ஜன்னலைப் பார்த்தார். மரத்தடியில் மகள் பையிலிருந்து கரடிப் புத்தகத்தை எடுத்து, விரித்து, வார்த்தைக்கு அடியில் விரலை வைத்தாள்.

தும்மல் நோட்டுகளை அப்படியே வைத்துவிட்டு மேஜையருகே வந்தாள். தாளைப் பார்த்தாள். ஒரு தும்மல் போட்டாள்.

"அங்கிள், இது என் பேப்பர், பதினாலு என் ரோல் நம்பர், எங்கம்மா பாத்தா அடிப்பாங்கன்னு ஒளிச்சு வைக்கச் சொல்லி உங்க பொண்ணுகிட்டதான் குடுத்தேன், அவதான் தப்பெல்லாம் செவப்புல திருத்தி, கரடி புக்குல படம் போட்டுப் போட்டு எனக்குச் சொல்லிக் குடுத்தா."